எட்டு பைட்டுக்காக மலை இறங்கினேன்

இன்டர்நெட் பில் பணம் வாங்க வந்த கேபிள் தம்பி, "அண்ணா, ராத்திரியெல்லாம் படம்தான் போல" என்று சிரித்துவிட்டுப் போனான். விளையாட்டாகத்தான் சொன்னான், எனக்குச் சுருக்கென்றது. நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது லைன் கொடுப்பவருக்குத் தெரியும் என்று படித்திருக்கிறேன், அதை முகத்துக்கு நேராகக் கேட்பது வேறு. விபிஎன் (நம் டிராஃபிக்கை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை), விபிஎஸ் (வாடகை சர்வர்) நடத்துபவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022-ல் உத்தரவு போட்டது நினைவிருந்ததால், சிங்கப்பூரில் ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுத்து, சொந்தமாக விபிஎன் அமைக்கும் வயர்கார்டு மென்பொருளைப் போட்டேன். அரை மணி நேர வேலை. (அந்த சர்வர் கம்பெனிக்கு நம்மைத் தெரியும்தான். பார்க்கிற கண் மாறுகிறது, அவ்வளவே.)

கனெக்ட் ஆனது, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனது, ஆனால் பாதித் தளங்கள் திறக்கவில்லை. தேடினால் பட்டியல் வரும், உள்ளே போனால் வெள்ளைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நாள். அம்மா சீரியல் பார்க்க முடியாமல் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ரவுட்டர்தான் கிழடாகிவிட்டது என்று நானே முடிவு கட்டி, ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் ஐந்து ரோடு பக்கம் புதுசு வாங்கி, மழையில் நனைந்தபடி மலையேறி வந்து மாட்டினால் அதே வெள்ளைப் பக்கம்!

அன்று ராத்திரிதான் பிங்கில் பாக்கெட் அளவை மாற்றிப் பார்க்கத் தோன்றியது. 1300 போனது. 1390 போட்டால் பேச்சே இல்லை. வயர்கார்டின் வழக்கமான எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1420 பைட், சர்வரை ஐபிவி6-ல் (புதுவகை ஐபி முகவரி) பிடித்ததால் மேலுறையாக 80 பைட் சேர்ந்து 1500. எங்கள் லைன் பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இணையும் வகை), 1492-க்கு மேல் விடாது. எட்டு பைட் அதிகம். 'பெரிசா இருக்கு' என்று வழியிலிருந்து திரும்பி வரும் எச்சரிக்கையையாவது (ஐசிஎம்பி தகவல்) சர்வர் கேட்டிருக்கலாம், அதையும் சர்வரின் ஃபயர்வாலில் அடைத்து வைத்திருந்தது நான்தான். பாதுகாப்பாம்! இரண்டு முனையிலும் எம்டியு 1412 என்று மாற்றினேன், ஃபயர்வாலையும் திறந்துவிட்டேன், எல்லாம் சடசடவென்று திறந்தது. ஒரு முனையில் மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அதிலும் ஒரு மணி நேரம் போனது எனக்கு.

அப்புறம், வயர்கார்டு அமைப்பில் எந்த டிராஃபிக் டனலுக்குள் (விபிஎன் பாதைக்குள்) போக வேண்டும் என்று சொல்லும் 'அலவ்டு ஐபி'யில் 0.0.0.0/0 (பழைய ஐபிவி4 முழுவதும்) மட்டும் போட்டால் போதாது. ::/0 (ஐபிவி6 முழுவதும்) சேர்க்காவிட்டால் வீட்டு ஐபிவி6 டிராஃபிக் தன் பாட்டுக்கு டனலுக்கு வெளியே நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஐபி காட்டும் தளம் எதிலாவது இரண்டையும் பார்த்துவிடுங்கள். அம்மாவின் பேங்க் ஆப் வெளிநாட்டு ஐபியைக் கண்டதும் முரண்டு பிடித்தது, அவர் போனை மட்டும் டனலுக்கு வெளியே விட்டுவிட்டேன். இப்போது பேசுகிறார்.

புது ரவுட்டரைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டாராம். பெட்டியோடு பரணில் இருக்கிறது, பில்லும் இருக்கிறது, ஏற்காட்டுப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.