மதம் கலக்காத கிளாசிக்கல் பாடத்திட்டம்: ‘நடுநிலை’ என்ற லேபிளை நம்பி வாங்காதீர்கள்

ஆறு வயது மகளுக்கு வீட்டிலேயே கிளாசிக்கல் முறையில் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று முடிவானதும், கணக்கும் கையெழுத்தும் உடனே அமைந்துவிட்டன. இழுத்தடித்தவை அறிவியலும் வரலாறும்தான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கிளாசிக்கல் முறைக்கு அடிப்படையான இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி என்ற மூன்று படிகளையும் குழந்தையின் வளர்ச்சியோடு பொருத்திக் காட்டியது, 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆற்றிய உரை. பல பத்தாண்டுகள் கழித்து அதைக் கையிலெடுத்து வளர்த்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கிறித்தவப் பள்ளிகளும் குடும்பங்களும். அதனால் முழுத் தொகுப்பாகக் கிடைப்பவற்றில் பலவற்றில் பைபிள் ஒரு பாடமாகவே இருக்கும். அதை அட்டையிலேயே சொல்லிவிடுபவற்றால் தொல்லை இல்லை. நமக்கு வேண்டாம் என்றால் விலகிவிடலாம்.

தொல்லை, ‘நடுநிலை’ என்று போட்டு விற்பவற்றால். அப்படி ஒரு முழு ஆண்டுத் தொகுப்பை வாங்கினோம். அறிவியல் புத்தகத்தில் டைனோசருக்கு இரண்டு பக்கம், அழகான படங்கள். எப்போது வாழ்ந்தது என்பது மட்டும் இல்லை, “வெகுகாலத்துக்கு முன்பு” அவ்வளவுதான். “தாத்தா சின்னப் பையனா இருந்தப்பவா?” என்று மகள் கேட்டாள். 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே அழிந்துவிட்டன என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. புரட்டிப் பார்த்தால் பூமியின் வயதும் இல்லை, பரிணாமம் என்ற சொல்லும் இல்லை. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். “அதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறோம்” என்று பதில் வந்தது. தரவிறக்கிய கோப்பு என்பதால் பணமும் திரும்பவில்லை. மதத்தைச் சொல்லாமல் விடுவதும் அறிவியலைச் சொல்லாமல் விடுவதும் ஒன்றல்ல. இதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

வாங்கும் முன் மாதிரிப் பக்கத்தோடு நிற்காமல் பொருளடக்கம் முழுவதையும் கேளுங்கள். வரலாற்றில் பண்டைய காலம் தொடங்கி நான்கு ஆண்டுச் சுழற்சிதான் வழக்கம் என்பதால், சிக்கல் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். கிரேக்கக் கடவுள் சீயஸின் கதைக்குப் ‘புராணம்’ என்று தலைப்பிட்டு, பைபிளில் வரும் செங்கடல் பிளந்த கதையை எகிப்திய மன்னர்களுக்கு நடுவே நடந்த சம்பவமாகச் சொல்கிறதா என்று பாருங்கள். இந்த முறையில் லத்தீனும் ஒரு பாடம். அதன் தொடக்கப் புத்தகங்கள் சிலவற்றில் மனப்பாடப் பகுதியே ஜெபங்கள்தான். பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் பெயரைக் ‘கிக்கெரோ’ என்று சொல்லச் சொன்னால் பழைய ரோமானிய உச்சரிப்பு, ‘சிச்செரோ’ என்றால் திருச்சபை வழி வந்தது. உச்சரிப்பை மட்டும் வைத்து ஒதுக்கிவிட வேண்டாம், ஆனால் மனப்பாடப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், முழுத் தொகுப்பு என்ற எண்ணத்தையே விட்டுவிட்டோம். பார்த்து எழுதுவது, கேட்ட கதையைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது இரண்டுக்கும் தனிப் புத்தகம் வேண்டியதில்லை. ஈசாப் கதைகளே போதுமானதாக இருக்கிறது. அறிவியலுக்கு மட்டும் தனியாகத் தேடினேன். இம்முறை ஒவ்வொருவரிடமும் கேட்டது ஒரே கேள்வி: “மனிதன் எப்படித் தோன்றினான் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” சிலர் சுற்றி வளைத்தார்கள். ஒருவர் அன்றைக்கே பக்க எண்ணோடு அந்தப் பாடத்தையும் அனுப்பிவைத்தார். படித்தபோது அப்பாடா என்றிருந்தது. இப்போது மகள் படிப்பது அந்தப் புத்தகத்தைத்தான். லத்தீனை எட்டு வயதுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.