பேட்டாக் கணக்கு

26 ஆகஸ்ட் 2022, வெள்ளி

இந்த வாரம் ஹட்ச் ஓய்வை அறிவித்துவிட்டார். முழுப் பெயர் கரோல் ஹட்சின்ஸ். ஆனால் இங்கே மிச்சிகனில் மட்டை பிடிக்கும் பெண் பிள்ளைகளிடம் 'ஹட்ச்' என்றால்தான் தெரியும். சாயங்காலம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஏதோ சொந்தப் பாட்டி ஊரைவிட்டுப் போகிற மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணிக்கு 1985 முதல் தலைமைப் பயிற்சியாளர். அதற்கு முன் அங்கேயே உதவிப் பயிற்சியாளர். அதற்கும் முன் ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம். எல்லாம் சேர்த்து 1,707 வெற்றிகள். கல்லூரி சாஃப்ட்பாலில் வேறு யாரும் அந்த எண்ணுக்கு வரவில்லை.

ஊருக்குப் போன் செய்தால் அம்மா இன்னும் "அந்த பேஸ்பால்தானே?" என்கிறாள். இல்லை. பந்து பெரிது, சுற்றளவு 12 அங்குலம். கையைக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் 43 அடி தூரத்திலிருந்து வரும். மென்மை பெயரில் மட்டும்தான். பாப்பா வீசியது ஒருமுறை என் முழங்காலில் பட்டு, ஒரு வாரம் நொண்டினேன்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் பழைய கதையைத் தேடி உட்கார்ந்தேன். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

பிறந்தது லான்சிங்கில். படித்தது எவரெட் உயர்நிலைப் பள்ளி, கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் படித்த அதே பள்ளி. பிறகு மிச்சிகன் ஸ்டேட், அது வேறு பல்கலைக்கழகம். சாஃப்ட்பாலும் கூடைப்பந்தும் இரண்டும் ஆடினார். 1976இல் அந்த சாஃப்ட்பால் அணி தேசியக் கோப்பையை வென்றபோது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்) இவர்தான்.

கூடைப்பந்தில்தான் விஷயம். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் ஆண்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுப் பேட்டா 16 டாலர், பெண்களுக்கு 11. விடுதியில் ஆண்கள் ஓர் அறைக்கு இரண்டு பேர், பெண்கள் நான்கு பேர். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று 'டைட்டில் நைன்' சட்டம் 1972லேயே வந்தாயிற்று. சட்டம் வந்தால் போதுமா? ஹட்சும் தோழிகளும் தாங்கள் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். வழக்கின் பெயரே 'ஹட்சின்ஸ்'. 1979 பிப்ரவரியில் நீதிமன்றம் இவர்கள் பக்கம் இடைக்கால உத்தரவு போட்டது.

அடுத்த மாதமே அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி, மேஜிக் ஜான்சனின் அணி, தேசிய சாம்பியன். அதை இங்கே எந்த டாக்ஸி ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார். இந்தப் பேட்டா சங்கதி, பதினைந்து வருஷமாக இங்கே இருக்கும் எனக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது.

16லிருந்து 11 போனால் 5. ராத்திரி முழுக்க அந்த ஐந்து டாலர் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

4 செப்டம்பர், ஞாயிறு

ஹட்சின் மிச்சிகன் அணி ஆடிய 2005 தேசிய இறுதிப் போட்டியைப் பாப்பாவோடு யூடியூபில் பார்த்தேன். என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு 1982இல் இந்தக் கோப்பையை நடத்தத் தொடங்கியதிலிருந்து அதுவரை, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் எந்த அணியும் அதைத் தொட்டதில்லை. காரணம் எளிது. கலிபோர்னியாக்காரர்களும் அரிசோனாக்காரர்களும் வருஷம் முழுக்க வெயிலில் ஆடுகிறார்கள். சீசன் தொடங்கும் பிப்ரவரியில் இங்கே மைதானம் பனிக்கு அடியில். கூரைக்குள் பழகிவிட்டு, முதல் சில வாரம் தெற்கே போய் ஊர் ஊராக ஆட வேண்டும். ஹட்ச் இருபது வருஷம் இப்படி மூட்டை கட்டியிருக்கிறார்.

எதிரணி கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம். முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது வெற்றி. மூன்றாவது ஏழு இன்னிங்ஸில் முடியாமல் பத்தாவதுக்கு இழுத்தது. முதலாண்டு மாணவி சமந்தா ஃபிண்ட்லே அடித்த ஹோம் ரன்னில் மூன்று ஓட்டம். 4-1. முடிவு தெரிந்தும் பாப்பா சோபாவிலிருந்து குதித்தாள்.

10 செப்டம்பர், சனி

புதுப் பயிற்சியாளர் பானி தோல். ஹட்சிடமே ஆடி, நெடுங்காலம் ஹட்சுக்கே உதவியாளராக இருந்தவர். பாப்பாவுக்குத் திருப்தி இல்லை. "ஹட்ச் மாதிரி முறைக்க வராதும்மா" என்கிறாள்.

11 செப்டம்பர், ஞாயிறு

மனசு கேட்காமல் மதுரைக்குப் போன் போட்டேன். காலேஜில் என்னோடு வாலிபால் ஆடியவள். அவள் வீட்டுக்காரரும் அதே காலேஜ், பையன்கள் அணி. வெளியூர் மேட்சுக்கு அவர்கள் ரிசர்வ் செய்த பஸ்ஸில் போவார்கள். நாங்கள் டவுன் பஸ்ஸில் நெட்டும் பையுமாக நின்றுகொண்டே, வீட்டில் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு போவோம். அனுப்பினார்களே, அதுவே பெரிசு என்றிருந்தோம்.

"ஏய், நமக்கு அப்ப பேட்டா எவ்வளவு கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கா?"

"பேட்டாவா? அப்படி ஒண்ணு இருந்துச்சா?"

பின்னால் அவள் வீட்டுக்காரர் குரல் கேட்டது: "எங்களுக்கு நாற்பது ரூவா."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இருடி, இந்த மனுஷனைக் கேட்டுட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டாள்.