முன்பக்க யூஎஸ்பி: கேபினெட் வாங்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள்

காட்பாடியில் இருக்கும் என் அக்கா மகனுக்குச் சென்ற மாதம் கணினி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். கேபினெட்டை, அதாவது கணினியின் வெளிப்பெட்டியை, அவன் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி ரயிலில் கொண்டு வந்திருந்தான். மதர்போர்டோ தெரிந்தவரிடம் வாங்கிய பழையது. எல்லாம் பொருத்தி முடித்தபோது, முன்பக்க டைப்-சி போர்ட்டிலிருந்து வந்த கேபிளுக்கு மட்டும் போர்டில் இடமே இல்லை. பொருளை மாற்ற வேண்டுமானால் சுமார் 130 கிலோமீட்டர் திரும்பப் போக வேண்டும். பிராசஸருக்கும் ரேமுக்கும் பத்து நாள் ஆராய்கிற நாம், இந்தக் கேபிள்களை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முன்பக்க யூஎஸ்பி போர்ட்டுகளின் கேபிள்களைச் செருக மதர்போர்டில் மூன்று வகை ஹெடர்கள், அதாவது இணைப்பு இடங்கள், உண்டு. யூஎஸ்பி 2.0 ஹெடரில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை. ஒரு மூலையில் ஒரு பின் இல்லாததால் மொத்தம் 9. யூஎஸ்பி 3.0 ஹெடர் அதைவிடப் பெரியது, சுற்றிலும் பிளாஸ்டிக் சுவர் கொண்டது, 19 பின். இவை இரண்டில் எதுவானாலும் ஒரு ஹெடர் இரண்டு போர்ட்டுகளுக்குப் போதும். டைப்-சி கேபிளுக்கு உரிய டைப்-இ ஹெடர் உலோக உறையுடன் சிறிதாக இருக்கும். பழைய போர்டுகளில் அது கிடையாது.

9 பின் ஹெடரில் தனிக் கவனம் வேண்டும். முன்பக்க ஆடியோ ஹெடரும் ஏறக்குறைய அதே தோற்றம்தான். ஆனால் அதில் காலியாக இருப்பது எட்டாவது இடம், யூஎஸ்பியில் ஒன்பதாவது. மிகப் பழைய போர்டுகளில் உள்ள ஃபயர்வயர் (யூஎஸ்பி போன்ற இன்னொரு பழைய இணைப்பு முறை) ஹெடரிலோ காலியிடமும் யூஎஸ்பியைப் போலவே ஒன்பதாவதுதான். அதில் 12 வோல்ட் வருவதால், யூஎஸ்பி கேபிளை மாற்றிச் செருகினால் பென் டிரைவோ போர்டோ பழுதாகலாம். போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தை டார்ச் அடித்துப் படித்த பிறகே செருகுங்கள்.

19 பின் கேபிள் தடிமனானது, எளிதில் வளையாது. அதைச் சற்றே சாய்த்து அழுத்தியதில் ஓரத்துப் பின் ஒன்று படுத்துவிட்டது. மெக்கானிக்கல் பென்சிலிலிருந்து எழுதும் கரிக்குச்சியை எடுத்துவிட்டு, அதன் வெற்று முனைக்குள் பின்னை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்த்தினேன். ஒடிந்திருந்தால் அந்த ஹெடரின் ஒரு போர்ட்டாவது போயிருக்கும்.

டைப்-சிக்கு இரண்டு வழிகள் இருந்தன. 19 பின்னை டைப்-இ ஆக்கும் அடாப்டர் மலிவானது. ஆனால் வேகம் 5 ஜிபிபிஎஸ்ஸை (நொடிக்கு 5 கிகாபிட்) தாண்டாது. தவிர, இந்தப் போர்டில் 19 பின் ஹெடர் ஒன்றே ஒன்றுதான் இருந்ததால், முன்பக்கத்து இரண்டு சாதாரண போர்ட்டுகளையும் இழக்க நேரும். மதர்போர்டின் ஸ்லாட்டில் தனியாகச் செருகும், டைப்-இ ஹெடர் கொண்ட பிசிஐஇ கார்டு விலை கூடுதல் என்றாலும் எதையும் பறிப்பதில்லை. கார்டையே வாங்கச் சொன்னேன். அது வரும்வரை அந்தக் கேபிளை மடித்து, டை போட்டு, ஃபேனில் சிக்காதபடி பக்கவாட்டில் கட்டி வைத்திருக்கிறோம்.