பின்னால் தொங்கும் சுமை

மேற்கு ஆஸ்திரேலியாவில், ரேவன்ஸ்தோர்ப் தாண்டி எஸ்பரன்ஸ் போகும் சாலையில் எதிரே ஒரு ரோடு ட்ரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரி, விர்ரென்று கடந்தது. அது தள்ளிய காற்றில், முன்னால் ஒரு கார் இழுத்துப் போன கேரவன் (சக்கர வீடு) இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது.

அதன் பின்பக்கம் இரண்டு சைக்கிள், ஒரு ஜெனரேட்டர் பெட்டி. காரணம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அச்சுக்குப் பின்னால் சுமை கூடினால் கேரவனின் மூக்கு தூக்கும், காரோடு இணைக்கும் கொக்கிமேல் அழுத்தம் குறையும். ஆட்டம் அதனால்தான். சாமான் ஏற்றிய மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 2,000 கிலோ கேரவன் என்றால் 200 கிலோ. கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு. 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள்.

ஆட ஆரம்பித்துவிட்டால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒடிக்கவும் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் பிரேக்கை இயக்க காருக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்துங்கள். கேரவனின் பிரேக் மட்டும் பிடித்து, வண்டியைப் பின்னுக்கு இழுத்து நேராக்கும். அந்த ஓட்டுநர் அதைத்தான் செய்திருப்பார் போல. மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கியது.

நிற்கும் இடங்களில் சக்கர நடுப்பகுதி அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ, ஒட்டிக்கொண்ட பிரேக்கோ.

எஸ்பரன்ஸ் அருகே கடற்கரையில் இருக்கும் லக்கி பே முகாமுக்கு முன்பதிவு அவசியம். பொழுது சாயுமுன் சேர்ந்துவிடுங்கள், அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். சேர்ந்ததும் அவசரப்படாமல், கேரவனின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அதன் ஹேண்ட்பிரேக் போட்ட பிறகே காரைக் கழற்றுங்கள்.