இரண்டு நிமிடத்தில் கழன்றவை

"அக்கா, ரெண்டு நிமிசத்தில கழண்டதை ஊத்தட்டே?"

"ஊத்து."

பிளீச் போத்தலுக்குள் போனது 5 மில்லிலீற்றர்கூட இராது. செய்முறைப்படி பிழையில்லை. பூனையின் முலைக்கட்டியை 1 மில்லிமீற்றர் துண்டுகளாக அரிந்து, இழையத்தைப் பிரிக்கும் கொலாஜினேஸ் நொதியில் பிரித்து வளர்த்தால், புற்று பிறக்கும் மேலணிக் கலங்கள் கூழாங்கல் பரப்பினது போல் ஆறுதலாகத்தான் திரளும். இணைப்பிழையக் கலங்களான பைப்ரோபிளாஸ்டுகளோ நீண்டு ஓடிக் குடுவையையே பிடித்துவிடும். ஒட்டிய கலங்களைக் கழற்றும் டிரிப்சின் நொதி விட்டால் முதலில் கழல்வதும் அவைதான். அவற்றை ஊற்றிவிட்டு, ஒட்டி நிற்பவற்றுக்குப் புதிதாக டிரிப்சின் விட்டு இன்னும் ஐந்தாறு நிமிடம் பொறுக்க வேண்டும். சோதனைக் குடுவைக்குள் புற்றுக்கலங்களின் மாதிரி சுத்தமாவது இப்படித்தான்.

சுத்தமா?

பூனையின் முலைக்கட்டிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் புற்றுநோய். பலவற்றில் ஹோர்மோன் ஏற்பிகள் இல்லை. பெண்களில் வரும், மூன்று ஏற்பிகளும் இல்லாத மும்மறை மார்புப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் படிக்க அதனால்தான் இவ்வளவு ஆவல். ஆனால் புற்றுக்கலம் பரவப் புறப்படும்போது மேலணி உருவத்தை விட்டு நீண்டுகொள்ளலாம், பிடியும் தளரலாம். நுரையீரல் வரை போகக்கூடிய கலம், வளர்ப்பில் பைப்ரோபிளாஸ்ட் சாயலிலேயே நிற்கலாம். பைப்ரோபிளாஸ்டைக் காட்டும் விமென்டின் சாயமும் கைகொடுக்காது, வளர்ப்பில் புற்றுக்கலங்களும் அதை ஏற்கும். நிறமூர்த்தங்களை எண்ணியிருக்கலாம். சாதாரணப் பூனைக் கலத்தில் 38. புற்றுக்கலத்தில் அந்தக் கணக்குப் பெரும்பாலும் குழம்பிக் கிடக்கும்.

அன்றைக்கு ஊற்றின கலங்கள், குடுவையில் ஒரே திசையில், மயிர் வாரினது போல் கிடந்தன. அது பைப்ரோபிளாஸ்டின் கிடைதான். போதாததற்கு மார்கழி மழை, இன்குபேட்டர் நீர்த்தட்டில் பூஞ்சை. உப்புவெளிப் பூனையின் மூன்று குடுவைகளில் மிஞ்சியது அந்தக் குடுவை ஒன்றுதான். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மேலணிக் கலங்கள் மூடுண்டு போயிருக்கும். எறிந்தது சரி.

உறைவில் கலங்களைக் காக்கும் பத்து வீத டிஎம்எஸ்ஓவில், ஊற்றினதில் ஒரு மில்லிலீற்றரை உறையவைக்க எத்தனை நிமிடம் பிடித்திருக்கும்? கரண்ட் நின்றால் மைனஸ் எண்பது பாகை உறைபெட்டியும் நம்பிக்கையில்லை என்று அப்போது ஒரு நியாயம் இருந்தது. அந்தக் கிழமை கரண்ட் நிற்கவேயில்லை.

இப்போது மிச்சம் இருப்பது, சத்திரசிகிச்சை அன்றே போர்மலினில் போட்ட துண்டின் மெழுகுக் கட்டி மட்டும். 4 மைக்ரோமீற்றரில் சீவி மேலணிக் கலங்களைக் காட்டும் சைற்றோகெரற்றின் சாயமிட்டால், முலைக்கட்டியின் ஓரத்தில், கூட்டத்தை விட்டு விலகிய நீண்ட கலங்கள் சிலவற்றில் மங்கலாய்ப் பழுப்பு தெரிகிறது. சாயம் கழுவினது போதாமலும் அப்படித் தெரியும். இரண்டாம் முறை சீவினதில் அந்த ஓரம் மடிந்துபோயிற்று.