நடந்து காட்டு, தம்பி

ஈரோடு கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் என் குமாஸ்தா அன்றைய கேஸ் கட்டுகளை மேஜையில் பரப்பி வைப்பார். அதைப் பார்த்தால் நான் விளையாட்டு வீரர்களுக்கும் வழக்கு நடத்துகிறவன் என்று யாரும் நம்பமாட்டார்கள். செக் பவுன்ஸ் நாலு, புரோநோட் ரெண்டு, கிணற்று மோட்டார் முறை ஒன்று, வண்டித்தட வழக்கு ஒன்று. எங்கள் பக்கம் தோட்டத்துக்குப் போகிற தடம் எட்டடியா பத்தடியா என்று பங்காளிகள் இருபது வருஷம் வழக்காடுவார்கள். வழக்கு முடிவதற்குள் தடத்தில் ஓடுவது மாட்டுவண்டியிலிருந்து டிராக்டராகி, காராகியும் விடும்.

இந்தக் கட்டுகளுக்கு நடுவில்தான் கபடி ஆடுகிற பையனும் வட்டு எறிகிற பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஆட்களைப் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆனால் அவர்கள் வழக்கை நடத்த எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தறிக்காரர்.

நான் தனியாக ஆபீஸ் போட்ட புதிது. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் எந்த உறுப்புக்கு எத்தனை சதவீதம் என்று வரிசையாக இருந்தது. இரண்டு விரலுக்கு இருபது. விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "கட்டைவிரல் நல்லா இருக்குதுங்களா? கை அசையுதுங்களா?" என்றார். இவரும் உள்ளபடி, "அசையுதுங்க" என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். இருபது சதவீதத்துக்கு உத்தரவானது.

வெளியே வந்து அவர் கோபப்படவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு நூலை எடுத்தார். "பாவு அறுந்தா இப்படிப் புடிச்சுத் திரிக்கோணுமுங்க" என்று செய்து காட்டினார். கட்டைவிரல் போய் அண்டக்கூட இடமில்லை. நூல் நழுவிக்கொண்டே இருந்தது. அதைக் கூண்டில் செய்து காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. இடது கையை இழந்த ஒரு தச்சர், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்யமுடியாது என்பதால் அவருக்கு நூறு சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு 1976-லேயே தொகுப்புகளில் வந்துவிட்டது. நான் அதைப் படித்தது அப்பீல் கெடுவும் தாண்டியபிறகு.

கபடிப் பையன் பல வருஷம் கழித்து வந்தான். வயது இருபத்திரண்டு. பெருந்துறை ரோட்டில் லாரி அவன் பைக்கைத் தட்டிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் முட்டிக்குள் இருக்கிற ஏசிஎல் ஜவ்வு போய்விட்டது. டாக்டர் கொடுத்தது இருபது சதவீத ஊனம். மறுபடியும் அதே இருபது.

விபத்து வழக்கில் கணக்கு இப்படித்தான் போகும். மாத வருமானம் 12,000 என்று வைத்து, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, அவன் வயதுக்கு உரிய 18 என்ற எண்ணாலும் பெருக்கினால் 36,28,800. இதில் எத்தனை சதவீதம் அவனுக்கு என்பதுதான் வழக்கே. டாக்டர் சொன்ன சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்பட்ட நட்டம் வேறு என்று ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பை நீட்டினால் மட்டும் போதாது, சாட்சியம் வேண்டும். சம்பளச் சீட்டு கிடையாது. அவனிடம் இருந்ததெல்லாம் நோம்பிக்கு ஒட்டிய கபடிப் போட்டி போஸ்டர்கள், கைப்பேசியில் எடுத்த பரிசளிப்புப் படங்கள், பழைய டீம் ஜெர்சி ஒன்று. போஸ்டர்களைச் சாட்சிய ஆவணமாக மார்க் செய்தோம். ஒன்றின் பின்பக்கம் பசையோடு சுவர்ச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்திருந்தது. பெஞ்ச் கிளார்க் அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார்.

குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அதிகம் பேசவில்லை. "தம்பி, கூண்டை விட்டு இறங்கி அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டு" என்றார். அவ்வளவுதான்.

பையன் நடந்தான். அவன் என் ஆபீஸ் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருகிறவன். அன்று நெஞ்சை நிமிர்த்தி, மைதானத்துக்குள் இறங்குகிற மாதிரி நேராக நடந்தான். நொண்டலே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தனை பேர் பார்க்கும்போது தாங்கித் தாங்கி நடக்க அவனுக்கு ரோஷம். பொய்யாக நொண்டுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிஜ நொண்டலை மறைத்தவன் இவன் ஒருவன்தான்.

குறுக்கு விசாரணை முடிந்ததும், என் சாட்சியை நானே மறுபடி விசாரிக்க அனுமதி கேட்டு எழுந்தேன். தறிக்காரரின் நூல்தான் கண்முன் நின்றது. "தம்பி, ரெய்டு போனா கோடு தொட எப்படிக் குனிவே? அப்படியே குனிஞ்சு, ஒத்தக் கால்ல எந்திரி" என்றேன். குனிந்தான். எழ முடியவில்லை. ஒரு கை தானாகப் போய்க் கூண்டின் சட்டத்தைப் பிடித்தது. நீதிபதி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். அவன் என்னை முறைத்தான். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

நாங்கள் அறுபது கேட்டோம், முப்பத்தைந்து கொடுத்தார்கள். இருபதென்றால் 7,25,760, முப்பத்தைந்து என்றால் 12,70,080. மருத்துவச் செலவும் வலிக்கும் வேதனைக்கும் உரியதும் தனி. அந்த வாதத்தின்போது எதிர்த்தரப்பு, சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைக்கூட இழுத்தது. சிறு வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கவில்லையா என்று கேட்டார்கள். அந்தத் தங்கம் மாரியப்பன் தாண்டி வாங்கியது, பஸ் கொடுத்ததல்ல என்றேன். வாதம் என்று பார்த்தால் சுமார்தான். ஆனால் எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

வட்டு எறிகிற பெண் வந்தது ஊக்கமருந்து வழக்கோடு. தேசியப் போட்டியில் கொடுத்த சிறுநீர் மாதிரியில் ஸ்டீராய்டு. அவள் சாப்பிட்டது ஜிம்காரர் கொடுத்த புரதப் பவுடர். பில்லும் இல்லை, டப்பாவும் இல்லை. "டப்பாவை அம்மா புளி போட்டு வெச்சுட்டாங்க சார்" என்றாள். கழுவிய டப்பாவை எந்த ஆய்வகத்துக்கு அனுப்ப? இந்த வழக்குகளில் உடம்பில் மருந்து இருந்தாலே குற்றம்தான். அது எப்படி உள்ளே வந்தது என்று வீரர்தான் நிரூபிக்கவேண்டும். கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்தின் பலனைக் கேட்டே பழகிய வாய்க்கு இது கசப்பு.

தண்டனை நாலு வருஷம். குற்றச்சாட்டு நோட்டீஸ் வந்து இருபது நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையையும் ஏற்றால் ஒரு வருஷம் குறையும். எதிர்த்து நின்றால் குறையலாம், நாலும் முழுசாக விழலாம். அவளுக்கு வயது இருபத்தொன்று.

அவள் அப்பா கோபிப் பக்கம் மஞ்சள் போடுகிறவர். பதினெட்டாம் நாள் சாயங்காலம் வந்தார். "ஏனுங்க வக்கீலய்யா, உங்க புள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். இந்தக் கேள்விக்கு வழக்கமாக நழுவிவிடுவேன். அன்று, "டப்பா இல்லாம நிக்க மாட்டேனுங்க" என்றேன். அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எடுக்கலைன்னு அதுல எழுதலாமா சார்?" என்றாள். தெரிந்து எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதலாம், அதனால் தண்டனை குறையாது என்றேன். எழுதச் சொன்னாள். மறுநாள் கையெழுத்துப் போட்டாள்.

தடைக்காலத்தின் கடைசி இரண்டு மாதம் கிளப்போடு சேர்ந்து பயிற்சி எடுக்க விதியில் இடமுண்டு. அது எந்தத் தேதி என்று அவள் அப்பா கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். வட்டம் போட்டு வைக்கச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அந்த வருசத்துக் காலண்டர் இன்னும் அச்சே ஆகலீங்களே" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் மண்டி விலை குறித்து வைத்திருந்த பாக்கெட் நோட்டைப் பிரித்து, கடைசிப் பக்கத்தில் தேதியை எழுதிக்கொண்டார்.