14 ஸ்கிரிப்டும் ஒரு கல்யாண மண்டபமும்

ஜூலை 21, 2025, திங்கள்

ஆடி மாதம், மண்டபம் காலி. ஆவணிக்குள் முன்பதிவுத் தளத்தைச் சரிசெய்து தரச் சொல்லியிருக்கிறார் உரிமையாளர். ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் கட்டும் சட்டகம்) யாரோ எழுதி விட்டுப்போனது. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்பான அடிப்படை டெம்ப்ளேட்டைத் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை இறக்கும் 14 ஸ்கிரிப்ட் வரிகள். முகவரியும் போன் நம்பரும் மட்டுமே உள்ள தொடர்புப் பக்கத்திலும் நாள்காட்டி நூலகம் இறங்குகிறது. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இரண்டு முறை, இரண்டு பதிப்புகளில். பின்னால் வருவது முதலாவதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. முதலாவதோடு ஒட்டியிருந்த நாள்காட்டி பிளகின் அதோடு போச்சு. "தேதி பெட்டி சில சமயம் திறக்கலை தம்பி" என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் புரிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இரண்டு பிளாக் (ஒவ்வொரு பக்கமும் தன் சரக்கை நிரப்பிக்கொள்ளும் இடம்) வைத்தேன்: ஹெட்டில் ஸ்டைல்களுக்கு ஒன்று, பாடி முடியும் இடத்தில் ஸ்கிரிப்டுகளுக்கு ஒன்று. எந்தப் பக்கத்துக்கு எது வேண்டுமோ அந்தப் பக்கமே சேர்த்துக்கொள்ளட்டும். மதியம் மொபைலில் மெனு திறக்கவில்லை. அரை மணி நேரம் தேடினேன். முகப்புப் பக்கத்தின் பிளாக்கில் பிளாக்.சூப்பர் (மேலே இருப்பதையும் வைத்துக்கொள் என்று சொல்வது) போட மறந்திருக்கிறேன்; அடிப்படை டெம்ப்ளேட் கொடுத்ததெல்லாம் காணாமல் போயிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் இதே தப்பு.

ஜூலை 24, வியாழன்

முன்பதிவுப் படிவம் மூன்று பக்கங்களில் வருகிறது. அதைத் தனி டெம்ப்ளேட் ஆக்கி இன்க்ளூட் செய்தேன். அதற்குள்ளேயே ஸ்கிரிப்ட் பிளாக்கையும் எழுதினால் கீழே போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைப்பு. சேரவில்லை. இன்க்ளூட் என்பது தனியாகச் சமைத்து, ஆன பண்டத்தை மட்டும் கொண்டுவந்து வைப்பது. அதற்குள் இருக்கும் பிளாக் வெளியே யாருக்கும் தெரியாது. ஸ்கிரிப்ட் பக்கத்தின் நடுவிலேயே விழுந்தது. ஜேக்வெரி கீழே வருவதற்குள் ஓடி, டாலர் (ஜேக்வெரியை அழைக்கும் குறி) என்றால் என்னவென்றே தெரியாது என்று கன்சோலில் சிவப்பாகக் கத்தியது.

இன்க்ளூடுக்குள்ளிருந்தும் ஸ்கிரிப்டைக் கீழே சேர்ப்பதற்கென்றே செகிசாய் என்று ஒரு பொதி இருக்கிறது. நல்ல பொதிதான். ஆனால் ஒரே ஒரு நாள்காட்டிக்காக இன்னொரு சார்பு வேண்டாம் என்று தோன்றியது. ஜாங்கோ படிவங்களிலேயே மீடியா என்ற வசதி உண்டே. நாள்காட்டி விட்ஜெட்டின் (படிவத்தில் தேதி பெட்டியை வரையும் பகுதி) பைத்தான் வகுப்புக்குள் மீடியா என்று உள்வகுப்பு எழுதி, தனக்கு வேண்டிய சிஎஸ்எஸ், ஜேஎஸ் கோப்புகளை அதுவே சொல்லும்படி செய்தேன். பக்கத்தில் ஃபார்ம்.மீடியா.சிஎஸ்எஸ் மேலே, ஃபார்ம்.மீடியா.ஜேஎஸ் கீழே. ஒரே பக்கத்தில் இரண்டு படிவங்கள் இருந்தால் இரண்டின் மீடியாவையும் கூட்டல் குறி போட்டுச் சேர்க்கலாம். ஒரே கோப்பு இரண்டு முறை வராது. ஜாங்கோ 2.0 பதிப்பிலிருந்து வரிசையையும் பார்த்துக்கொள்கிறது, முரண்பட்டால் எச்சரிக்கிறது. 5.2-இல் ஸ்கிரிப்ட் என்ற பொருளே வந்துவிட்டதால் டிஃபர் (பக்கம் படிக்கப்பட்ட பிறகே ஸ்கிரிப்ட் ஓடட்டும் என்பது) போன்றவற்றையும் அங்கேயே எழுதலாம். யாருக்கு எது தேவையோ அவர் கேட்கட்டும், பரிமாறுவது ஓரிடத்தில் நடக்கட்டும். பந்தி போல.

ஜூலை 28, திங்கள்

ஏற்றினேன். பத்து நிமிடத்தில் போன். "முகூர்த்த நாளெல்லாம் இன்னும் பழைய பச்சையிலேயே இருக்கே தம்பி." அவருடைய பிரௌசர் பழைய ஸ்டைல்ஷீட்டையே கேஷில் வைத்திருக்கிறது. முன்பு எழுதியவர் கோப்பு முகவரியின் வாலில் கையாலேயே எண் போட்டு மாற்றியிருக்கிறார். அதை எடுத்துவிட்டு ஜாங்கோவின் மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ் வைத்தேன். சிஎஸ்எஸ், படம் போன்ற கோப்புகளை ஓரிடத்தில் திரட்டும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளை ஓடும்போது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து 12 எழுத்து ஹேஷ் (கைரேகை போன்ற குறி) கணக்கிட்டுப் பெயரிலேயே சேர்க்கிறது. சிஎஸ்எஸ்ஸுக்குள் இருக்கும் படங்களின் முகவரியையும் மாற்றிவிடுகிறது. கோப்பு மாறினால் பெயர் மாறும், பிரௌசர் புதிதாகக் கேட்டே ஆகவேண்டும்.

அப்புறம் சாப்பாட்டு மெனு பக்கம் 500 பிழை (சர்வர் கோளாறு). எப்போதோ நீக்கிய வாழையிலைப் படத்தை டெம்ப்ளேட் இன்னும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது; தன் பட்டியலில் இல்லாத கோப்பைக் கேட்டால் மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ் பிழை எறியும். டீபக் (எழுதும்போது பிழை பார்க்கும்) நிலையில் ஹேஷ் வேலையே நடக்காது என்பதால் என் கணினியில் தெரியவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

தொடர்புப் பக்கத்தில் இப்போது ஒரே ஸ்கிரிப்ட், மொபைல் மெனுவுக்கானது. உரிமையாளர் மறுபடி போன். எல்லாம் சரி, முகப்பில் மேலிருந்து மல்லிகைப்பூ விழுமே, அது எங்கே என்றார். வேண்டாதது என்று நான் தூக்கிய மூன்றில் ஒன்று அது. முகப்புப் பக்கத்தின் பிளாக்கில் மட்டும் திரும்பச் சேர்த்தேன், பிளாக்.சூப்பரோடு.